இடப்பக்கத்து வெள்ளைக் கோடு

வண்டியின் உறுமல் தெருமுனையைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையின் இரைச்சலில் கலந்த பிறகும் சென்னியப்பன் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். இரண்டே இருக்கைகள் உள்ள கார். மகள் கவின்மலர் ஓட்டுகிறாள், பக்கத்தில் மனைவி வசந்தாமணி, அவள் மடியில் கோத்தகிரியில் இருக்கும் தங்கைக்காக ஒரு பை முருங்கைக்காய். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாததால் அவர் வீட்டில் நின்றுவிட்டார். நான்கு வருடங்களாக அந்தச் சிவப்பு வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு மகள் இழுத்த இழுப்புக்கு ஏறிவிட்டாள், இத்தனை தாழ்வாக உட்கார்ந்தால் ரோட்டில் சப்பணம் போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே. கேட்டின் கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் கைபேசியைப் பார்த்தார். நேற்று படுக்கப் போன பிறகு வந்து கிடந்த செய்தி. ஸ்டான்லி அனுப்பியது. ஒரே ஒரு வரி. "கோடு போட்டது யாருங்க சார்?"

படித்தவுடன் சிரிப்புத்தான் வந்தது. நேற்று சாயங்காலம் வேலையெல்லாம் முடித்து, வண்டிக்கு அடியில் படுத்தபடியே எட்டுப் படங்கள் எடுத்து ஸ்டான்லிக்கு அனுப்பியிருந்தார், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அது உட்காரும் இரும்பிலும் சேர்ந்தாற்போல் இழுத்த வெள்ளைக் கோடு தெரியும்படி. ஸ்டான்லியின் பட்டறையில் அது வழக்கம். ஒரு போல்ட்டை ஒருவன் இறுக்குவான். அவன் கை எடுத்த பிறகு இன்னொருவன் வந்து ரெஞ்சை வைத்துப் பார்த்து, வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். கோடு பின்னால் என்றைக்காவது ஒட்டாமல் விலகித் தெரிந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். இறுக்கியவன் கோடு போடக்கூடாது, கோடு போடுகிறவன் இறுக்கக்கூடாது. அந்தப் பட்டறையில் காலில் செருப்பில்லாமல் வேலை செய்யலாம், பீடி குடிக்கலாம், முதலாளியைத் திட்டலாம், இதை மட்டும் மீற முடியாது. உங்கள் பட்டறைக்கு நான் ஒன்றும் சளைத்தவனில்லை என்று காட்டத்தான் அந்தப் படங்களை அனுப்பினார். பார்த்து ஒரு கட்டைவிரல் காட்டுவான், ஜோர் என்பான் என்று எதிர்பார்த்தார். கோடு போட்டது யாருங்க சார். யார் போடுவது, நான்தான். பதில் தட்டுவதற்கு விரலை வைத்தார், 'நா' என்ற எழுத்தோடு விரல் நின்றுவிட்டது. நானேதான் இறுக்கினேன், நானேதான் கோடு போட்டேன். அதில் என்ன தப்பு. மணி ஆறு நாற்பத்தைந்து. இப்போது துடியலூரைத் தொட்டிருப்பார்கள்.

வண்டி நின்ற ஷெட் இப்போது காலியாக இருந்தது. தரையில் அவர் விரித்துப் படுத்த அட்டை, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை, அவர் முதுகின் அளவுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தது. ஒரு மூலையில் கழற்றிப் போட்ட பழைய ஷாக் அப்சார்பர்கள் நான்கும் எண்ணெய் கசிந்தபடி சாய்ந்து நின்றன. பதினெட்டு வயது வண்டி. மேடு பள்ளத்தில் கப்பல் மாதிரி ஆடத் தொடங்கியிருந்தது, வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மனத்தைப் பதற வைத்தது. புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளும் லோயர் ஆர்ம் நான்குக்கும் புது ரப்பர் புஷ், எல்லாம் வரவழைத்தாயிற்று. மாட்டுவதற்கு ஸ்டான்லி முப்பத்தெட்டாயிரம் கேட்டான். சாமான் நான் வாங்கித் தருகிறேன், கழற்றி மாட்டுவதற்கு இத்தனையா என்று கேட்டபோது அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "கூலியில பாதி கைக்குங்க சார், பாதி கண்ணுக்கு. கை மட்டும் போதும்னா நீங்களே செஞ்சுக்குங்க, உங்க கையப்பத்தி எனக்குத் தெரியாதா," என்றான். உங்க கையப்பத்தி எனக்குத் தெரியாதா. அப்போது அது மரியாதையாகத்தான் காதில் விழுந்தது. வசந்தாமணிகூட, "ஏனுங்க, அந்தக் காச மிச்சம் பண்ணி எந்தக் கோட்டையக் கட்டப் போறீங்க, அவன்கிட்டக் குடுத்துப்போட்டு வந்து பேப்பரப் படிங்க," என்றாள். அவர் கணக்குக் காட்டினார். இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் ஆறாயிரத்து ஐந்நூறு, அது வாழ்நாளுக்கும் இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். வண்டியை ஏற்றி நிறுத்த மரப்பலகைப் படிகளை ஆசாரி மிச்சக் கட்டையில் செய்துவிடுவான். எல்லாம் போக இருபத்தேழாயிரம் கையில் நிற்கும் என்றார். சொல்லும்போதே தெரிந்தது, அவருக்கு வேண்டியது இருபத்தேழாயிரம் இல்லை. வேறு என்ன வேண்டும் என்பதை அவள் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது காலி ஷெட்டில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியின் பக்கமாகப் போய், சூடான சட்டியைத் தொட்டவர்போல மனதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இறுக்கினேனா? அட, இறுக்காமல் என்ன. வரிசையாக நினைத்துப் பார்த்தால் போதும். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கக்கூடாது, கைமுறுக்கில்தான் விட வேண்டும். வண்டியைக் கீழே இறக்கி, அதன் கனம் சக்கரங்களின் மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். வீட்டில் தானே வேலை பார்க்கிற பலர் இதில்தான் தவறுவார்கள், தொங்கும்போதே இறுக்கித் தொலைப்பார்கள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் எட்டையும் கைமுறுக்கில் விட்டு, வண்டியைப் பலகைப் படிகளில் ஏற்றி, கனத்தை உட்கார வைத்துவிட்டு அடியில் நுழைந்தார். பின்பக்கம் நான்கு. டக், டக், டக், டக். தேவையான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் தானே டக்கென்று சொல்லும், உள்ளங்கையில் சின்னதாகத் தட்டும். அப்புறம் முன்பக்கம் வலது, இரண்டு. டக், டக். அப்போதுதான் வெளியே, "சிலிண்டர்," என்று குரல். எழுந்து போனார். கையெல்லாம் கிரீஸ், வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சிலிண்டர்க்காரர் குனிந்து வண்டியைப் பார்த்து, "இதுக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்குதுங்க," என்றார். ஒன்பது என்றதும் அவர் முகத்தில் வந்த இரக்கம். அது நன்றாக நினைவிருக்கிறது. காலி சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது. ரெகுலேட்டரை மாட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்தது நினைவிருக்கிறது. அப்புறம் திரும்பி வந்து அடியில் நுழைந்தார், டக், டக். இரண்டு முறை. ஆனால் எந்தப் பக்கம்?

முதலில் முன் பம்பர் வழியாகத் தலையை நுழைத்திருந்தார். திரும்பி வந்தபோது கதவுப் பக்கமாகக் குறுக்கே நுழைந்தார், முட்டி வலித்ததால். குறுக்கே படுத்தால் வலது இடது எல்லாம் இடம் மாறிவிடும். அண்ணாந்து கிடக்கிறவனுக்கு மேலே இரும்பும் அழுக்கும் மட்டும்தான், எல்லாப் பக்கமும் ஒரே முகம். டக், டக். அந்த இரண்டும் ஏற்கெனவே இறுக்கிய வலப்பக்கத்து இரண்டின் மேலேயே விழுந்திருந்தால்? இறுக்கிய போல்ட்டின் மேல் ரெஞ்சை வைத்தாலும் டக் என்றுதான் சொல்லும். சுற்றியதா, சுற்றாமலே சொன்னதா? கை கொஞ்சம் நகர்ந்த நினைவு இருக்கிறது. அது வலப்பக்கத்து நினைவா? சரி, கோடு இருக்கிறதே. கோடு இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றை இறுக்கியதும் ஒரு கோடு என்று அவர் போடவில்லை. பெயிண்ட் பேனா அப்போது சமையலறை மேசையில் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு எடுத்துவந்து ஒரே மூச்சில் எட்டுக் கோடும் இழுத்தார், பரீட்சைத் தாளில் கடைசியாகப் பக்க எண் போடுகிற மாதிரி. ரெஞ்சைப் பார்க்கலாம் என்று ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். கடைசியாக எந்த அளவில் வைத்தார் என்று காட்டினால் ஏதாவது தெரியும். ரெஞ்ச் பூஜ்ஜியத்தில் இருந்தது. வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரட்டும் என்று பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவைக்க வேண்டும், திருப்பி வைத்திருக்கிறார். நல்ல பழக்கம் சாட்சியைத் துடைத்துவிட்டது. ஆனால் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேனே, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லையே. இருக்காது. கைமுறுக்கில் நிற்கிற நட்டு முதல் பத்து கிலோமீட்டருக்கு நல்ல பிள்ளையாக இருக்கும். அது மெல்லத்தான் கழலும், ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு இழை. கழன்று விழ அதற்கு வேண்டியது திருப்பங்கள், ஒன்று மாற்றி ஒன்று, இடமும் வலமுமாக.

மணி ஏழு. பெரியநாயக்கன்பாளையம். கையில் கைபேசி இருக்கிறது. வசந்தாமணி எப்போதும் இரண்டாவது மணியில் எடுப்பாள். எடுத்ததும், வண்டியை ஓரம் கட்டச் சொல் என்று சொன்னால் முடிந்தது. மேட்டுப்பாளையம் வரைக்கும் சமவெளி, பவானிப் பாலம் தாண்டித்தான் மலை. இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது? அப்பாவுக்கு ஞாபகம் இல்லையாம். இருபத்தாறு வருடமாக மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, இன்னொருவன் இறுக்கியதைத் தட்டிப் பார்த்து, ஏறிட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பம்பு அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. நேற்று வரை இருபத்தெட்டு வருடம் அவர் தன் கையால் ஒரு போல்ட்டைக்கூட இறுக்கியதில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பூனாவில் வேலை பார்க்கிற பெண் எட்டு மாதம் கழித்து வந்து, அப்பா கையால் செய்த வண்டியை மலையேற்றிப் பார்க்கிறேன் என்று ஆசையாகக் கிளம்பியிருக்கிறாள், நேற்று தோழிகளுக்கெல்லாம் படம் அனுப்பினாள். காரமடை வந்ததும் கூப்பிடலாம். அதற்குள் எனக்கே நினைவு வந்துவிடலாம். வந்துவிடும். கண்ணை மூடி, அட்டையில் முதுகை வைத்து அதேபோலப் படுத்துப் பார்த்தால் வந்துவிடும் என்று தோன்றி, ஐம்பத்தாறு வயது மனிதர், காலி ஷெட்டின் நடுவில், இல்லாத வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு பல்லி. கையை உயர்த்தினார், காற்றைப் பிடித்து இறுக்கினார். டக். எதுவும் வரவில்லை. வந்தது வேறு ஒன்று.

வந்தது ஜெயசிம்மனின் முகம், தலைகீழாக. அன்றைக்கும் இப்படித்தான் படுத்திருந்தார், ஏற்காட்டு மலையின் பின்புறம், காப்பித் தோட்டத்துக்குள் தார்ப்பாயை விரித்து. தொண்ணூற்றாறு, டிசம்பர். கிளப்காரர்கள் நடத்திய மலைப் பந்தயம். ஜெயசிம்மன் ஓட்டுகிறவன், பாலிடெக்னிக் நாளிலிருந்து ஒன்றாகச் சோறு தின்றவன், இவரும் ஸ்டான்லியும் அவனுக்கு மெக்கானிக்குகள். முதல் சுற்றில் ஒரு கல்லில் மோதி இடப்பக்கத்து லோயர் ஆர்ம் வளைந்து வந்தது. மாற்ற இருபது நிமிடம் கொடுப்பார்கள். ஸ்டான்லி சக்கரங்களையும் பெட்ரோலையும் பார்த்துக்கொள்ள, ஆர்ம் இவருடையது. மாட்டினார், கைமுறுக்கு, ஜாக்கியை இறக்கு, கனம் உட்காரட்டும், இப்போது இறுக்கு. ஜெயசிம்மன் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "ஏ மாப்ள, இறுக்கறயா இல்ல தாலாட்டறயா? நேரமாச்சு." சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கதவை அறைந்து சாத்தினான், வண்டி நகர்ந்தது, புறப்படும் கோட்டில் போய் நின்றது. அவனுக்கு முன்னால் ஒரு வண்டி. அது கிளம்பி மூன்று நிமிடம் கழித்துத்தான் இவனை விடுவார்கள். அந்த மூன்று நிமிடம். தார்ப்பாயைச் சுருட்டக் குனிந்தபோது ரெஞ்ச் கிடந்தது, அதன் வாயில் பதினேழாம் நம்பர் சாக்கெட்டுக்குப் பதில் பதினாலு. லோயர் ஆர்ம் போல்ட்டுக்குப் பதினேழு வேண்டும். பதினாலு வேறு எதற்கோ மாட்டியது. அப்படியானால் கடைசியாக எதை இறுக்கினேன்? முன்பக்கத்து இரண்டில் ஒன்றை இறுக்கிவிட்டுச் சாக்கெட்டை மாற்றினேனா, இரண்டையும் இறுக்கிவிட்டா? ஐம்பதடி தூரத்தில் வண்டி நிற்கிறது. ஓடிப்போய்க் கையைக் காட்டினால் நிறுத்துவான். நிறுத்தினால் நேரம் போகும், தண்டனையாக ஒரு நிமிடம் சேர்ப்பார்கள், முதல் இடம் போகும். அத்தனை பேர் நிற்கிறார்கள், சேலத்துக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், போல்ட்டை இறுக்க மறந்த மெக்கானிக் என்று அடுத்த பத்து வருடத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். இறுக்கியிருப்பேன். எப்போதும் இறுக்குகிறவன்தானே. ஸ்டான்லி பக்கத்தில் வந்து, "அண்ணா, எல்லாம் ஆச்சுங்களா?" என்றான். "ஆச்சு," என்றார். கொடி இறங்கியது.

பதினோராவது வளைவில் இருநூறு அடி. வண்டி கீழே போய் எரிந்தது. விசாரித்தவர்கள் வேகம் என்று எழுதினார்கள், அவன் அந்த வளைவில் எப்போதுமே வேகம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், இவரும் சொன்னார். உருகிப் பிணைந்த அந்த இரும்பில் எது போல்ட், எது நட்டு என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. ரெஞ்சை வைத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பக்கம் அது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை அப்போதே கவனித்தார், அதைப் பிறகு ஒருநாளும் மறக்க முடியவில்லை. இறுக்கினேன் என்று ஒரு வருடம் நம்பினார். இறுக்கவில்லை என்று ஒரு வருடம். கனவில் சில நாள் போல்ட் சுழன்றுகொண்டே இருக்கும், முடிவே இல்லாமல், நட்டைத் தேடி. அப்புறம் பம்பு கம்பெனி, கல்யாணம், குழந்தை. மெக்கானிக் வேலையை விட்டதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை, நண்பன் செத்ததால் விட்டுவிட்டான் என்று அவர்களே காரணம் வைத்துக்கொண்டார்கள். ஸ்டான்லி தனியாகப் பட்டறை போட்டான். போட்ட முதல் நாளிலிருந்து, ஒருவன் இறுக்க, இன்னொருவன் கோடு போட. எங்கிருந்து கற்றாய் என்று இவர் கேட்டதில்லை. இன்னொன்றையும் கேட்டதில்லை. அதுவரை அண்ணா, அண்ணா என்று வாய் ஓயாதவன், பதினாறாம் நாள் காரியத்தில் பார்த்தபோது, "வாங்க சார்," என்றான். இருபத்தெட்டு வருடமாக சார்தான். அவனுக்குத் தெரியுமோ. ஆச்சு என்று சொன்ன வாயைப் பார்த்தானோ. ஒவ்வொரு முறை பட்டறைக்குப் போகும்போதும், வெள்ளைக் கோடு போட்ட ஏதோ ஒரு போல்ட்டைப் பார்க்கும்போதும், இது என்னைக் குறித்துத்தான் போட்டிருக்கிறது என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கோடு போட்டது யாருங்க சார். ஒரு வரியில் இருபத்தெட்டு வருடத்தையும் கேட்டுவிட்டானோ.

அட்டையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். ஏழு இருபத்திரண்டு. காரமடை தாண்டியிருப்பார்கள். எதற்காக இந்த வேலையை நானே செய்தேன் என்ற கேள்வி இப்போது விலகவில்லை, எதிரில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. காசுக்காக இல்லை. இந்தக் கையைச் சோதிக்க. இந்தக் கை இறுக்கிய எட்டுப் போல்ட்டோடு வண்டி மலையேறி இறங்கிவிட்டால், அன்றைக்கும் இந்தக் கை இறுக்கித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சாட்சி கிடைக்கும். சரி, சோதனைக்கு நீ போயிருக்கலாமே. நீ ஏன் ஏறவில்லை. இருக்கை இரண்டுதான் என்கிறாய், நீயும் கவினும் போயிருக்கலாம், நீ மட்டும் போயிருக்கலாம். காலையில் சாவியை அவள் கையில் கொடுக்கும்போது உனக்குள் ஒரு சின்ன விடுதலை இருந்ததா இல்லையா. இருந்தது. யாரை வைத்து எதைப் பார்க்கிறாய் நீ. ஐம்பதடி தூரம் அன்றைக்கு. இன்றைக்கு உள்ளங்கைக்குள் இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அன்றைக்கு மூன்று நிமிடம். இன்றைக்கு முழுதாக முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள், அதையும் இப்படியே படுத்தும் புரண்டும் தின்று தீர்த்திருக்கிறேன்.

அமுக்கினார். மணி போயிற்று. இரண்டு, மூன்று, ஏழு. எடுக்கவில்லை. திரும்பவும். எடுக்கவில்லை. அந்த வண்டியின் சைலன்சர் போடுகிற சத்தத்தில் கைபேசி முருங்கைக்காய்ப் பைக்குள் கிடந்து கத்தினாலும் கேட்காது. கவினுக்கு அடித்தார். அவள் ஓட்டும்போது எடுக்க மாட்டாள், எடுக்கக்கூடாது என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஏழு இருபத்தொன்பது. மேட்டுப்பாளையம். ஏழு முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, மறுபடியும் இருவருக்கும் மாற்றி மாற்றி அடித்தார். பாலத்தைத் தாண்டினால் பாக்குத் தோப்புகள், தோப்பு முடிந்ததும் முதல் வளைவு. ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் நடந்தார். ஓட வேண்டும்போல இருந்தது, ஓடுவதற்கு ஒரு திசை இல்லை. முப்பத்தாறுக்குக் கைபேசி துடித்தது.

"அப்பா, என்ன ஆறு தடவை கூப்பிட்டிருக்கீங்க?" கவினின் குரல். பின்னால் பஸ் ஹாரன், யாரோ விலை கூவுகிறார்கள்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம். அம்மா சித்திக்கு நேந்திரம்பழம் வாங்கறாங்க, கால் மணியா பேரம். வண்டி சூப்பரா இருக்குதுப்பா. தண்டவாளத்துல போற மாதிரி."

"வண்டிய எடுக்காத."

"ஏம்ப்பா?"

தொண்டையில் அந்தப் பழைய சொல் வந்து நின்றது. ஆச்சு. ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன். அதை அப்படியே விழுங்கினார்.

"முன்னாடி இடப்பக்கம் கீழ ரெண்டு போல்ட். இறுக்குனனான்னு எனக்குத் தெரியல."

அந்தப் பக்கம் ஒரு பஸ் கடந்து போயிற்று. "இறுக்கலையா, தெரியலையா?"

"தெரியல கண்ணு."

அவள் யாரிடமோ பேசுவது கேட்டது, லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிற கடை ஒன்று திறந்திருக்கிறதாம், ஒருவர் வருகிறார். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பச் சொல், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம் என்று இவர் சொல்லச் சொல்ல, அவள் கைபேசியைத் தரையில் வைத்துவிட்டாள்போல, மண் நெரிபடும் சத்தம் காதுக்குள் வந்தது, பிறகு ஒரு கனத்த குரல்.

"ஏனுங் சார், இதுல கோடு போட்டிருக்குதுங்களே. இறுக்கித்தானுங் இருக்கும்."

"கோட்டப் பாக்காதீங்க. ரெஞ்ச வைங்க. பதினேழு."

"வண்டி என்னுங் இப்படித் தரையோட தரையாக் கெடக்குது. எம்பட தொப்பைக்குப் பத்தாதுங்." முனகல். இரும்பில் இரும்பு உரசும் ஓசை. சென்னியப்பன் ஷெட்டின் நடுவில் நின்றார், கண்ணை மூடி, கையை நீட்டி, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொருவர் பிடித்திருக்கும் ரெஞ்சைத் தானும் பிடித்திருப்பதுபோல. ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிறகு அவரால் சொல்ல முடியவில்லை.

"இம்மி நவுரலீங்."

"இன்னொண்ணு?"

"அதுந்தானுங். நாலடிக் கம்பியச் சொருகித் தொங்கிப் பாத்துட்டேன். ஆருங் இறுக்குனது? இதைய இனிக் கழட்டோணும்னாத்தான் ஆள் வேணும்."

"வலப்பக்கமும் பாத்துருங்க," என்றார். அதையும் பார்த்தார்கள். அதுவும் நகரவில்லை. நேற்று சிலிண்டருக்குப் பிறகு அடியில் நுழைந்தவர், குறுக்கே படுத்த இருட்டில், சரியான பக்கத்தைத்தான் தொட்டிருக்கிறார். கை மறக்கவில்லை, தலைதான் மறந்திருக்கிறது. கைபேசி வசந்தாமணியிடம் போனது. அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தானா ஆறு தடவை? ஏனுங்க, நடுரோட்ல ஒரு மனுசனப் படுக்கப் போட்டு, சுத்தியும் பத்துப் பேரு நின்னு வேடிக்கை பாக்கறாங்க. நேந்திரம்பழக்காரி கேக்கறா, உங்கூட்டுக்காரரு வாத்தியாரான்னு. அதா அப்பவே சொன்னனே, ஸ்டான்லிகிட்டக் குடுங்கன்னு." பின்னால் கவினும் சிரித்தாள், அந்தத் தொப்பைக்காரரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. "வெச்சிருட்டுங்களா? உப்புமா மூடி வெச்சிருக்கேன், ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

வைத்துவிட்டாள். வண்டி கிளம்பியிருக்கும், பாலத்தைத் தாண்டியிருக்கும். நிம்மதி வருவதற்காக நின்றார். வந்தது கொஞ்சம். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்து ஷெட்டின் வாசலை அடைத்தது. காதில் இன்னும் அந்தச் சிரிப்பு. நடுரோட்டில் மூன்று பேரின் சிரிப்பு, ஒரு பழக்காரியின் கிண்டல், அரைப் பானை உப்புமாவின் சூடு. அவ்வளவுதான் விலை. அன்றைக்கு ஐம்பதடி ஓடிப்போய்க் கையைக் காட்டியிருந்தால் இவ்வளவுதான் கொடுத்திருக்க வேண்டும், ஒரு நிமிடத் தண்டனையும் கொஞ்சம் சிரிப்பும். ஜெயசிம்மனே முதலில் சிரித்திருப்பான். ஏ மாப்ள. இந்த ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான், தலை நரைத்து, இந்தத் தொப்பைக்காரர் மாதிரித் தொப்பையோடு. அந்தப் போல்ட் இறுகியிருந்ததா என்பதை இனி எந்த ரெஞ்சும் சொல்லாது. இந்த எட்டும் அதற்குச் சாட்சி சொல்ல வராது. ஆனால் தெரியவில்லை என்று சொல்லாத அந்த மூன்று நிமிடத்துக்குச் சாட்சி வேண்டியதில்லை. அது இறுகவில்லை, அது மட்டும் நிச்சயம்.

கைபேசியில் ஸ்டான்லியின் வரி அப்படியே இருந்தது, கீழே இவர் தட்டிய 'நா' அனுப்பப்படாமல். அதை அழித்தார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போயிருப்பான் என்று தெரிந்தும் கூப்பிட்டார். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் பலர் சேர்ந்து பாடும் சத்தம், பிறகு அது விலகியது. வெளியே வந்து நிற்கிறான்.

"சொல்லுங்க சார்."

"இறுக்குனதும் நான்தான், கோடு போட்டதும் நான்தான்."

"தெரியுங்க சார். படத்துலயே எட்டுக் கோடும் ஒரே வாட்டத்துல, ஒரே மூச்சுல போட்ட மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன். வண்டி வெளிய எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு. நிறுத்திப் பாத்துட்டோம். சரியா இருக்குது." ஷெட்டின் கூரையில் அந்தப் பல்லி இடம் மாறியிருந்தது. "ஸ்டான்லி, அன்னைக்கு ஏற்காட்டுல எனக்கு மூணு நிமிசம் இருந்துச்சு. இறுக்குனனான்னு எனக்குச் சந்தேகம். ஆச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன்."

உள்ளே பாட்டு ஒரு அடி முடிந்து அடுத்த அடி ஆரம்பித்தது.

"நீங்க சொல்லும்போது உங்க மூஞ்சியப் பாத்தேங்ண்ணா," என்றான் ஸ்டான்லி. "சரியில்லன்னு தெரிஞ்சுது. ரெஞ்சு என் கைக்கெட்டற தூரத்துலதான் கெடந்துச்சு. நானும் சும்மாதான் நின்னேன்."